சாரல் மாதத்தில் இலங்கை: பையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போகலாம்?

புளியரைத் தம்பி ஒருவர் கேட்டதற்கான பதில் இது. குளத்தூப்புழை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நண்பர் ஒருவரோடு ஜூலைக் கடைசியில் இலங்கை போகிறார். ஆளுக்கொரு முதுகுப்பை, கையில் பதினைந்து நாள், டூர் கம்பெனி கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான். கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, சிவனொளிபாதமலை, நுவரெலியா, எல்ல, கண்டி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று நீளமாக ஒரு பட்டியல் அனுப்பி, "எல்லாத்தையும் முடிச்சிரலாமா அண்ணாச்சி, எந்த வரிசையில போகணும்?" என்று கேட்டிருக்கிறார். நண்பரின் ஆச்சி பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவராம். அந்தத் தோட்டத்தைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

முடியாது தம்பி. அப்படியே முடித்தாலும் பாதி நாள் பஸ் ஜன்னலோரத்தில்தான் கழியும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் சரிபாதி. அந்தக் கணக்கை நம்பிப் போனவர்கள் எல்லாம் திண்டாடியிருக்கிறார்கள். நடுவில் மலை உட்கார்ந்திருக்கிறது. கண்டியில் ரயில் ஏறினால் எல்ல போய்ச் சேர ஆறேழு மணி நேரம் ஆகும். பதினைந்து நாளில் தீவின் ஒரு பாதியை நிதானமாகப் பார்க்கலாம். எந்தப் பாதி என்பதைக் காற்றின் போக்கில் விட்டுவிடுங்கள்.

ஜூலையில் நம்மூரில் என்ன நடக்கிறது? ஆரியங்காவு வரை கொட்டுகிறது, கோட்டைவாசல் தாண்டினால் சாரல், கடையநல்லூருக்கு அப்பால் வெறும் காற்று. அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அதே மாதங்களில் இலங்கைக்கும் போகிறது. கொழும்பு, காலி, இரத்தினபுரி, அட்டன் எல்லாம் நனையும். நடுமலை தடுத்துவிடுவதால் அதற்குக் கிழக்கே ஊவா மாகாணம், மட்டக்களப்பு, திருகோணமலை, வடக்கே யாழ்ப்பாணம் எல்லாம் காய்ந்து கிடக்கும். மலையைத் தாண்டி இறங்கும் இந்தக் காற்றுக்குக் கிழக்கில் கச்சான் என்று பெயர், வெக்கையாக வீசும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எல்லாம் தலைகீழ்: தெற்கிலும் மேற்கிலும் வெயில், கிழக்கில் மழை. அக்டோபர், நவம்பரில் தீவு முழுக்கவே மழை, புயல் பயமும் உண்டு.

ஆக, உங்கள் பட்டியலில் முதல் வெட்டு தெற்குக் கடற்கரை. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஜூலையில் அங்கே கடல் கொந்தளிக்கும், இறங்கிக் குளிக்க முடியாது. அடுத்து சிவனொளிபாதமலை. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாதப் புத்த பௌர்ணமியான வெசாக்கோடு முடிந்துவிடும். அப்புறம் படியில் விளக்கு எரியாது, தேத்தண்ணிக் கடை இருக்காது, மழையும் அட்டையும்தான் துணைக்கு வரும். 2,243 மீட்டர் மலையை நல்லதண்ணிப் பக்கமிருந்து ஐயாயிரம் படிக்கு மேல் ஏறிப் போய் மேகத்துக்குள் நிற்பதற்கு வீட்டிலேயே இருக்கலாம். இன்னொரு வருஷம் தை, மாசியில் அதற்கென்றே போங்கள்.

போக்குவரத்துக்கு வருவோம். செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலை குளத்தூப்புழை வழியாகத்தான் போகிறது. நண்பரை வழியில் ஏற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். மதுரையிலிருந்தும் உண்டு. விசா விதியை இலங்கை அரசு அடிக்கடி மாற்றுகிறது. இந்தியர்களுக்குக் கட்டணம் உண்டு, இல்லை என்று மாறி மாறி வந்திருக்கிறது. ஆகவே யார் சொன்னதையும் நம்பாமல் புறப்படும் வாரத்தில் அரசின் இ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதித் தளத்தையே பார்த்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டின் பிரதி கையில் இருக்கட்டும்.

நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் கிடைக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யுபிஐ செல்லும், ஆனால் பெரிய கடைகளில்தான். தோட்டத்துப் பெட்டிக்கடையில் போனை நீட்டினால் சிரிப்பார்கள். பணத்தைத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் சதுர முனை பிளக் மட்டும்தான் இருக்கும், ஒரு அடாப்டர் வாங்கிப் போடுங்கள்.

பஸ் கட்டணம் கையைக் கடிக்காது. சிவப்பு பஸ் அரசாங்கத்தினுடையது, பெரும்பாலும் அசோக் லேலண்ட்தான், ஏறியதும் நம்மூர் மாதிரியே இருக்கும். தனியார் பஸ் வேகமாகப் போகும், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். முன்சீட்டு பிக்குகளுக்கானது, அவர்கள் வந்தால் எழுந்துவிட வேண்டும். பலகையில் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் இருக்கும், தடத்துக்கு எண் உண்டு. விமான நிலையத்திலிருந்து கொழும்பு கோட்டைக்கு 187, கொழும்பிலிருந்து கண்டிக்கு 1, யாழ்ப்பாணத்துக்கு 87. செலவு எகிறுவது ஜீப்பிலும் நுழைவுச் சீட்டிலும்தான். சிகிரியாவுக்கு வெளிநாட்டவர் முப்பது டாலருக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். நாம் சார்க் நாட்டவர் என்பதால் சலுகை உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

கொழும்பில் ஒரு நாள் போதும். மழை பெய்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் வெட்டி வைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும் பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்ல, தமிழ்ப் பகுதி தென்கோடியில் இருந்த தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் கடலோரத்தில் யாரிடம் எந்த மொழியில் பேச வேண்டியிருந்தது என்பதை ஒரே கல்லில் பார்த்துவிடலாம்.

கண்டிக்கு ரயிலில் போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் எசல பெரஹெரா என்ற ஊர்வலத் திருவிழா வரும். தேதி பௌர்ணமியைப் பொறுத்து மாறும். அந்த நாட்களில் அறை வாடகை பல மடங்கு, ஆனால் யானையும் தீவட்டியும் சாட்டை சொடுக்குவோரும் தெருவை நிறைத்து வருவதைப் பார்க்க அந்தக் காசைக் கொடுக்கலாம். பெரஹெரா இல்லாத நாளென்றால் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் மதுரை நாயக்கர் வழியில் வந்தவர். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அதைப் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மலை ரயில், உங்கள் பயணத்தின் முதுகெலும்பு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைப்பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டது. எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டு, ஓடாத பகுதியை பஸ்ஸில் கடந்துகொள்ளுங்கள். முன்பதிவு இடங்களைச் சுற்றுலாக்காரர்கள் திறந்த உடனேயே அள்ளிவிடுவார்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், முன்பதிவில்லாத பெட்டியில் ஏறுங்கள், அதுதான் உயிருள்ள பெட்டி. நானுஓயா வரை மூடிய கண்ணாடியில் மழை வழியும். ஜன்னலோரத்துக்காரர் துண்டை விரித்து மடியை மூடிக்கொள்வார். கடலை விற்பவர் நனைந்த சட்டையோடு ஏறுவார். அடுத்து பட்டிப்பொல, இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் ஸ்டேஷன். அதைத் தாண்டியதும் ஒரு குகை. குகைக்குள் இருட்டில் எல்லோரும் கூச்சல் போடுவார்கள். வெளியே வந்தால், வாய்ப்பிருந்தால், வெயில். நீர்பிரி மேடு அங்கேதான் இருக்கிறது, அதற்கப்பால் ஊவா. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கும் குகையில் போய் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

எல்லோரும் எல்லயில் இறங்குவார்கள். நீங்கள் அதற்கு முன்பே அப்புத்தளையில் இறங்குங்கள். எல்ல இப்போது முழுக்கக் கஃபேயும் பீட்சாவுமாகிவிட்டது, நம்மைப் பார்த்தாலும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். அப்புத்தளை ஒரு முகட்டின் மேல் தொங்கும் சின்ன டவுன். காற்று ஆளைத் தள்ளும், கடைவீதியில் தமிழ்தான் கேட்கும். காலையில் அங்கிருந்து தம்பேதென்ன தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அது, இன்றும் தேயிலை அரைக்கிறது. அங்கிருந்து லிப்டன் சீட் என்ற முகட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஏற்றம், தோட்டத்து நடுவிலேயே பாதை. ஒன்பது மணிக்குள் போய்விட்டால் தெற்கே சமவெளி முழுக்கத் தெரியும், அப்புறம் மேகம் மூடிவிடும்.

எல்லயில் பார்க்க வேண்டியது ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. நம் கழுத்துருட்டிப் பாலத்துக்குப் பதிமூன்று கண், அதுவும் இதைவிடப் பழையது. அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். எல்லயைவிட எனக்குப் பிடித்தது அடுத்த ஸ்டேஷனான தெமோதரை. தண்டவாளம் ஒரு வட்டம் அடித்து, தான் விட்டு வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகை வழியாகப் போகும். பிளாட்பாரத்தில் நின்றால், சற்றுமுன் போன வண்டி காலுக்குக் கீழே போகும் சத்தம் கேட்கும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. டீக்கடையில் உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, மீன் பனிஸ் எல்லாம் கேட்காமலேயே கொண்டுவந்து வைப்பார்கள். பதற வேண்டாம். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, மீதி அடுத்த மேசைக்குப் போகும். மதியம் சோறும் கறியும், கேட்கக் கேட்கப் போடுவார்கள். ராத்திரி கொத்து ரொட்டி. பிரானூர் பார்டரில் பரோட்டா தின்று வளர்ந்த நாக்கு குறை கண்டுபிடிக்கத்தான் செய்யும். இடியப்பமும் சொதியும் அங்கே காலைச் சாப்பாடு. நம் கல்யாண மறுவீட்டுச் சொதியை நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இது தண்ணீராக, மஞ்சளாக, எளிமையாக இருக்கும். நாலு நாளில் பழகிவிடும், அப்புறம் விடாது.

பதுளையிலிருந்து பிபிலை, செங்கலடி வழியாக மட்டக்களப்புக்கு இறங்குங்கள். மலை முடிந்து வயலும் குளமும் வரும். மட்டக்களப்பில் பார்க்க இது இது என்று பட்டியல் போட முடியாது. வாவியோரம் சாயங்காலம் நடக்கலாம், எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கிக் கித்துள் பாணி என்ற பனைவகைப் பாகை ஊற்றித் தின்னலாம், பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். எனக்கு ஏதோ கேட்டது. மீனா தவளையா என்று சத்தியம் பண்ண மாட்டேன். போயா என்ற பௌர்ணமி விடுமுறையில் நாடு முழுக்க மதுக்கடை மூடியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அங்கிருந்து பொலன்னறுவை. முழு நாள் ஒதுக்குங்கள், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்ட தலைநகர் இது. காட்டோரமாக இரண்டாம் சிவன் கோயில் என்று பலகை வைத்த சின்னக் கற்றளி, சோழ அரசி வானவன்மாதேவியின் பெயரால் எழுந்தது. தஞ்சைப் பெரிய கோயில் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். ஆனால் சுற்றிலும் செங்கல் கட்டடங்கள் கூரையிழந்து நிற்க, இது மட்டும் விமானத்தோடு அப்படியே நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. நடு முற்றத்தில் வேளைக்காரர் கல்வெட்டையும் விட்டுவிடாதீர்கள். புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படைவீரர்கள் ஏற்றுக்கொண்டதைத் தமிழிலேயே பதித்த கல் அது. பெரும்பாலோர் நிழலுக்காக அதன் பக்கத்தில் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மின்னேரியாக் குளத்தில் யானைகள் கூடும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்கக் குளத்தடியில் புல் முளைக்கும், அதற்காக வருபவை. இருநூறு, முந்நூறு என்று ஒரே இடத்தில் பார்த்தவர்கள் உண்டு. ஜீப்புக்குக் காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செய்யுங்கள், தெற்கே இருக்கும் யால தேசியப் பூங்காவுக்கு வேண்டாம். சிகிரியாவைப் பொறுத்தவரை காசு இருந்தால் ஏறுங்கள், ஐந்தாம் நூற்றாண்டு ஓவியங்கள் பார்க்க வேண்டியவைதான். சிக்கனமாகச் செலவு பண்ணுகிறவர்கள் எதிரே இருக்கும் பிதுரங்கல பாறையில் சொற்பக் கட்டணத்தில் ஏறி, அங்கிருந்து சிகிரியாவையே பார்க்கலாம்.

திருகோணமலையில் மூன்று ராத்திரி தங்குங்கள். சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடலுக்கு மேல் பாறை உச்சியில் இருக்கிறது. பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கோட்டை கட்டினார்கள், இன்றைக்கும் அந்தக் கோட்டைக்குள் நுழைந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும். வழியெல்லாம் புள்ளிமான் திரியும், கையிலிருக்கும் தேங்காய்ப் பழத் தட்டை முகர்ந்து பார்க்கும். காலையில் கன்னியா வெந்நீர் ஊற்று, மதியம் தூக்கம், சாயங்காலம் நிலாவெளிக் கடல். இந்த மாதங்களில் கரையோரம் அலையே இருக்காது. நீச்சல் தெரியாதவர்கூட இடுப்பளவில் நிற்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு வவுனியா வழியாகப் போங்கள். ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் வாக்கில் நல்லூர் முருகன் கோயில் திருவிழா தொடங்கும், 25 நாள், தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போய்ப் பழகிய நமக்கு அது சிரமமில்லை. நேரம் தவறாமை அங்கே பார்க்க வேண்டிய ஒன்று. 1981இல் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் அழிந்த பொது நூலகம் திரும்ப எழுந்து நிற்கிறது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு அமைதியாகப் பார்த்து வாருங்கள். யுத்தத்தைப் பற்றி நீங்களாகக் கிண்டிக் கேட்காதீர்கள். கதைக்க நினைக்கிறவர் தானே கதைப்பார். ஒரு நாளைக் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குக் கொடுங்கள். பவளக் கல் அடுக்கிய வேலிகள், காட்டுக் குதிரைகள், அனல் வெயில். தண்ணீர்ப் பாட்டில் கையில் இருக்கட்டும்.

திரும்புவதற்குக் கொழும்பு போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு விமானம் இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல், 2023 அக்டோபரில் தொடங்கி நின்று 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஜூலை, ஆகஸ்ட்டில் ஓடும். ஓடும் கிழமைகளையும் மூட்டை எடைக் கணக்கையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி ஆச்சியின் தோட்டம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பிரித்து அனுப்பப்பட்டார்கள். நீலகிரிக்குத் தேயிலைக்குப் போனவர்கள் போக, ஒரு பகுதி புனலூர்ப் பக்க ரப்பருக்கு வந்தது. ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற அரசு நிறுவனமே அவர்களுக்காக ஏற்பட்டதுதான். ஆகவே உங்கள் நண்பரின் கதை குளத்தூப்புழையில் வீட்டுக்கு வீடு இருக்கும்.

தேடுவதில் சிக்கல் ஒன்றுதான்: வரைபடத்தில் தோட்டத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர், ஜனங்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். ஆச்சிக்குத் தமிழ்ப் பெயர்தான் ஞாபகம் இருக்கும். அதனால் பெயரோடு நிற்காமல், எந்த டிவிஷன், சம்பளம் வாங்கியதும் சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவார்கள், கிட்டத்தில் எந்த ரயில் ஸ்டேஷன், தோட்டத்துக் கோயிலில் எந்தச் சாமி, கங்காணி பெயர் என்ன என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையோ பழைய பாஸ்போர்ட்டோ வீட்டுப் பெட்டியில் கிடக்கும், அதில் தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் இருக்க வாய்ப்புண்டு. இவற்றோடு பதுளை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் தமிழ்க்காரர் யாரையாவது கேட்டால் போதும். ஹாலிஎல, பசறை, தெமோதரை என்று எந்தப் பக்கம் என்பதை அவர்களே பேசி முடிவு பண்ணிவிடுவார்கள்.

தோட்டம் கம்பெனி நிர்வாகத்தில் இருக்கும். தொழிற்சாலைக்குள் போக துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், அனுமதி வேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போக கோயில் பக்கம் போய்த் தோட்டத் தலைவரைக் கேட்டு நின்றால் ஆள் வந்துவிடும். லயத்து வாசலில் நின்று படம் எடுக்க ஆரம்பிக்காதீர்கள், அது அவர்கள் வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இன்னமும் குடும்பங்கள் இருக்கின்றன. கொழுந்து எடுக்கும் நேரத்தில் வயதானவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள், நாலு மணிக்கு மேல் போனால் எல்லோரையும் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி அங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம் என்பதால், "நீங்க யார் வீட்டு ஆளு?" என்ற கேள்வி உடனே வரும். பதிலுக்கு ஆச்சியின் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சொல்ல வேண்டும். ஆச்சியின் இப்போதைய போட்டோவும், இருந்தால் சின்ன வயதுப் போட்டோவும் போனில் இருக்கட்டும்.

குடும்ப அட்டை கிடைத்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். தோட்டப் பெயர் படிக்க முடிகிற அளவில் இருந்தால், அப்புத்தளையில் எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு எந்தப் பாதை, எந்த பஸ் என்று நீங்கள் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.